சாட்சி சொன்னது ‘சரியல்ல’, நகலில் இருப்பது ‘சரிதான்’. எப்படித் திருத்துவது?

வைகைக்கரை:
மதுரைப் பக்கம் ஒரு முன்சீப் கோர்ட்டில் பாதை வழக்கு. வா.சா.1 (எங்கள் பக்கம், அதாவது வாதியின் முதல் சாட்சி) குறுக்கு விசாரணையில், “பாதையை 12 வருடமாக நாங்கள் பயன்படுத்தவில்லை என்று சொன்னால் சரியல்ல” என்றார். சான்றிட்ட நகலில் கடைசிச் சொல் ‘சரிதான்’ என்று இருக்கிறது. சர்வே எண் 112/3ஏ என்பதும் 112/3 ஆகிவிட்டது. அடுத்த மாதம் வாதத்துக்கு வாய்தா. சிவில் நடைமுறைச் சட்டம் 152இல் மனு போட்டால் போதும் என்கிறார்கள். சரியா?

கருப்புக்கோட்டு:
152 பொருந்தாது சார். தீர்ப்பு, டிகிரி (தீர்ப்பாணை), உத்தரவு ஆகியவற்றில் வரும் எழுத்துப்பிழை, கணக்குப்பிழைக்குத்தான் அந்தப் பிரிவு. சாட்சியத்துக்கு, நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் 151இல் இடைமனு (நடக்கும் வழக்குக்குள்ளேயே போடும் மனு).

அதற்கு முன்னால் அசல் வழக்குக் கட்டைப் பார்க்க அனுமதி வாங்கிப் பாருங்கள். நீதிபதி கையெழுத்திட்ட அசலில் சரியாக இருந்து நகலில் மட்டும் தப்பு என்றால், நகல் பிரிவில் ஒப்பிட்டுத் திருத்தித் தரக் கேட்டாலே பெரும்பாலும் முடிந்துவிடும். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே மனு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வைகைக்கரை:
பார்த்தாயிற்று. அசலிலும் ‘சரிதான்’ என்றே இருக்கிறது.

கருப்புக்கோட்டு:
அப்படியானால் தாமதிக்க வேண்டாம், அதே நீதிபதி இருக்கும்போதே போடுங்கள். நீதிமன்றத்தில் நடந்ததற்கு நீதிமன்றப் பதிவே முடிவானது, தவறு என்றால் நினைவு மாறுவதற்குள் அதே நீதிபதியிடம்தான் சொல்ல வேண்டும் என்று ராம்தாஸ் ஸ்ரீனிவாஸ் நாயக் வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றலாகி வந்தவருக்கு அன்று சாட்சி என்ன சொன்னார் என்று எப்படித் தெரியும்?

பிரமாணப் பத்திரத்தில் பக்கம், வரி, பதிவில் உள்ளது, இருக்க வேண்டியது, நான்கும் வேண்டும். முந்தின, பிந்தின வரிகளையும் அப்படியே எடுத்து எழுதுங்கள். அடுத்த வரியிலேயே “தினமும் அந்த வழியாகத்தான் வண்டி போகிறது” என்பதுபோல ஏதாவது இருந்தால் அதுதான் உங்கள் பலம். சர்வே எண்ணுக்குப் பத்திரமும் பட்டாவும் போதும். எதிர்த்தரப்பு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அது அன்றைக்கே முடியும். ‘சரிதான்’ விஷயத்தில் அப்படி எழுதித் தர மாட்டார்கள், அது அவர்களுக்குக் கிடைத்த லட்டு.

சாட்சியை மறுபடி கூண்டேற்ற அதே சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 18 விதி 17 உண்டு. ஓட்டையை அடைக்க வருகிறார்கள் என்று எதிர்ப்பார்கள், மறுபடி குறுக்கு விசாரணையும் வரும். கடைசி வழியாக வையுங்கள்.

தல்லாகுளம்:
இந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்றால், வக்கீலின் கேள்வியையும் சாட்சியின் பதிலையும் ஒரே வாக்கியமாக்கி எழுதச் சொல்கிறார்கள். “பயன்படுத்தவில்லைதானே?” என்று கேட்டால் சாட்சி “இல்லீங்கய்யா” என்பார். பயன்படுத்தவில்லை என்கிறாரா, நீங்கள் சொல்வது இல்லை என்கிறாரா? இப்படி எதிர்மறையில் கேள்வி வந்ததுமே எழுந்து, கட்டளை 18 விதி 10இன்படி அந்தக் கேள்வியையும் பதிலையும் தனித்தனியே பதியக் கேட்க வேண்டும்.

கிரிமினல் வழக்கென்றால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313 இருக்கிறது (பழைய சட்டத்தில் 278, 1.7.2024 முதல் இது). சாட்சியத்தைப் படித்துக் காட்ட வேண்டும். சாட்சி மறுத்தால் நீதிபதி திருத்தலாம், அல்லது திருத்தாமல் ஆட்சேபணையைக் குறித்துத் தன் கருத்தையும் எழுதலாம். சாட்சி அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் வினை.

கருப்புக்கோட்டு:
மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்புச் சட்டம் 227இன்கீழ் சீராய்வு. எப்படியானாலும் வாதத்தில், சாட்சியத்தை முழுதாகப் படிக்க வேண்டும், ஒற்றை வரியைப் பிய்த்தெடுத்து ஒப்புதல் என்று கொள்ளக்கூடாது என்பதை எழுத்து வாதமாகவும் கொடுத்து வையுங்கள். மேல்முறையீட்டுக்கு அது வழக்குக் கட்டிலேயே கிடக்கும்.