கிரவுன் ஆயிலும் ஆக்சில் சீல் ஒழுக்கும்: குமரி மாவட்ட வண்டிகளில் கண்டது (பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்)

தக்கலை:
ஜீப்போட வலது பின் டயருக்கு உள்பக்கம் கருப்பா ஆயில் வழிஞ்சு நிக்குது. பிரேக் பிடிச்சா ஒரு பக்கமா இழுக்குது. ஆக்சில் சீல் (ஆயில் வெளிய வராம ஷாஃப்டைச் சுத்திப் பிடிக்கிற வளையம்) மாத்தி நாலு மாசம்தான் ஆச்சு. 90 கிரவுன் ஆயிலை (பின் ஆக்சில் நடுவுல இருக்கிற கிரவுன் பல்சக்கரத்துக்கு ஊத்துறது) இறக்கிட்டு, அதைவிடக் கெட்டியான 140 ஊத்தினா ஒழுக்கு நிக்கும்ங்கிறாங்க. செய்யலாமா?

வடசேரி:
வேண்டாம் அண்ணாச்சி. கெட்டி ஆயில் மெதுவா ஒழுகும், அவ்வளவுதான். நிக்காது.

முதல்ல என்ன ஒழுகுதுன்னு விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கிரவுன் ஆயில்னா கந்தக வாடை குப்புன்னு அடிக்கும். தண்ணி மாதிரி நீர்த்து, பெயிண்டையும் உரிச்சிருந்தா அது பிரேக் ஆயில். வீல் சிலிண்டரைப் பாக்கணும்.

கிரவுன் ஆயில்தான்னா, சீலைக் குறை சொல்றதுக்கு முந்தி ப்ரீதரைப் பாருங்க. ஆக்சில் ஹவுசிங் மேல தொப்பி போட்ட சின்ன முனை அது. சேறு அடைச்சிருந்தா, ஓடிச் சூடாகும்போது உள்ளே விரியுற காத்துக்குப் போக வழி கிடையாது. சீல் உதட்டை, அதாவது ஷாஃப்டைத் தொடுற உள் விளிம்பை, தள்ளிக்கிட்டு ஆயிலோடதான் வரும். தொப்பி விரலுக்கு லேசா ஆடணும். கழட்டி டீசல்ல ஊறவச்சு ஊதிப் பாருங்க, காத்து தடையில்லாமப் போகணும். புது சீல் சீக்கிரமே போகிற வண்டிகள்ல அடிக்கடி காரணம் இதுதான்.

குலசேகரம்:
ரப்பர் தோட்டத்து வண்டிகளுக்கு இது ரொம்பப் பொருந்தும். ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை; ப்ரீதர்ல சேறு காயவே விடாது. இன்னொண்ணு, சரிவுல ஒரு பக்கத்து வீல் தாழ்ந்து நிக்கிற மாதிரி ராத்திரி முழுக்க நிறுத்தாதீங்க. ஆயில் ஆக்சில் குழாய் வழியா இறங்கி, தாழ்ந்த பக்கத்து சீல்லயே நிக்கும்.

அளவு கூடினாலும் ஒழுகும். சமதரையில நிறுத்தி, ஃபில்லர் ஓட்டையோட (ஆயில் ஊத்துற இடம்) கீழ் விளிம்பு வரை வந்தாப் போதும். ஒரு பக்கம் ஜாக்கி வச்சுக்கிட்டு ஊத்தினா அளவு தப்பும். ஆயில் மாத்தும்போது ஃபில்லர் பிளக்கை முதல்ல திறந்துக்கிடுங்க. அது துருப்பிடிச்சு இறுகியிருந்து, கீழே டிரெயினைத் திறந்து வடிச்சிட்டா, திரும்ப ஊத்த வழியில்லாம வண்டி அங்கேயே நிக்கும்.

மார்த்தாண்டம்:
ஆயில் விஷயம். ஹைபாய்டு கிரவுன்ல (சின்னப் பல்சக்கரம் நடுவுல இல்லாமத் தள்ளி அமைஞ்சது) பல்லு உருளுறது மட்டுமில்ல, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டும் ஓடும். அந்த அழுத்தத்தைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5 ஆயில் வேணும் (ஜிஎல்ங்கிறது கியர் ஆயிலோட தர எண்). ஜிஎல்-4ல அந்தச் சேர்மானம் ஏறக்குறையப் பாதிதான். அதுக்காக மிச்சமிருக்கிற ஜிஎல்-5ஐ கியர் பாக்ஸ்ல ஊத்திடாதீங்க; கியர் மாத்த உதவுற பித்தளை சிங்க்ரோ வளையம் கெடலாம். வண்டிப் புத்தகத்துல போட்டிருந்தா மட்டும் ஊத்துங்க.

80டபிள்யூ-90ல 'டபிள்யூ'வுக்கு முந்தின எண் குளிருக்கானது. நம்ம ஊருல அது பெருசா கவலைப்பட வேண்டியதில்ல. 85டபிள்யூ-140, பாரம் ஏத்தி மலை ஏறுற லாரிக்கு, அதுவும் புத்தகத்துல சொல்லியிருந்தா. லிமிடெட் ஸ்லிப் (ஒரு வீல் மட்டும் சும்மா சுத்தாமத் தடுக்கிற அமைப்பு) உள்ள வண்டிக்கு அதுக்குன்னு எழுதின ஆயில்தான், இல்லேன்னா திருப்பத்துல கடகடன்னு சத்தம் வரும்.

வடசேரி:
சீல் மாத்துற முறை. முதல்ல வீலைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. பேரிங் ஆடினா எந்த சீலும் தங்காது. பேக்பிளேட் (பிரேக் மாட்டியிருக்கிற தட்டு) நட்டுகளைக் கழட்டின பிறகும் ஷாஃப்ட் வரலேன்னா, டிரம்மைத் திருப்பி ஸ்டட்ல மாட்டி, நட்டை நாலு சுத்து மட்டும் போட்டு, வெளியே இழுத்து இடிங்க. வந்துரும்.

ஷாஃப்ட்ல சீல் உதடு ஓடுற இடத்தை நகத்தால சுரண்டிப் பாருங்க. நகம் தட்டினா பள்ளம் விழுந்திருக்கு, புது சீலும் ஒழுகும். அதுக்கு மெல்லிய ஸ்லீவ் ஏத்தணும். இடமிருந்தா சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வச்சுத் தேயாத இடத்துல ஓட விடலாம். அளவைப் பழைய சீல் முகத்துல படிச்சுக்கிடுங்க: உள்விட்டம், வெளிவிட்டம், கனம்.

ஸ்பிரிங் தெரியுற பக்கம் ஆயிலைப் பாக்கணும். உதட்டுல கிரீஸ் தடவணும், சிலிக்கான் பசை அங்கே படவே கூடாது. பழைய பேரிங்கோட வெளி வளையத்தை வச்சுச் சுத்திச் சுத்தி சீராத் தட்டுங்க. கடைசியா ஷாஃப்ட் ஏத்தும்போது அதோட பாரத்தைக் கையில தாங்கிக்கிடணும். ஷாஃப்ட் முனையில இருக்கிற ஸ்ப்ளைன் பல்லு உதட்டுல உரசுச்சுன்னா புது சீல் அங்கேயே கீறிப்போகும். நாலு மாசத்துல ஒழுகினதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

குளச்சல்:
மீன் ஏத்துற வண்டி உப்பு வெள்ளத்துல (தண்ணியில) ஹப் முங்க நின்னா, அன்னைக்கே பிளக்கைத் திறந்து பாருங்க. ஆயில் பால் ஊத்தின சாயா நிறத்துல இருந்தா வெள்ளம் ஏறியாச்சு, மொத்தமா மாத்தணும். காந்தப் பிளக்ல சாம்பல் நிறப் பசை இருக்கிறது வழக்கம்தான். விரல்ல குத்துற மாதிரி இரும்புத் துண்டு வந்தா கிரவுனைப் பிரிச்சே ஆகணும்.

தக்கலை:
ப்ரீதர் சேத்துல அடைச்சுத்தான் இருக்கு. ஆயில் ஊறின பிரேக் ஷூவை பெட்ரோல்ல கழுவிப் போடலாமா?

வடசேரி:
போடாதீங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும், சூடானதும் ஊறின ஆயில் திரும்பக் கசியும். ரெண்டு பக்கமும் புது ஷூ போடுங்க, டிரம்மை பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சுருங்க.