காசல்ரீயிலும் திருகோணமலையிலும் மிதக்கும் படகுக்கு எந்த அடித்தீந்தை?

கேள்வி – நோர்வூட் வாசகர்:
எனது கண்ணாடியிழைப் பாய்ப்படகு பெரும்பாலும் காசல்ரீ நீர்த்தேக்கத்திலேயே நிற்கிறது. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் ஆகஸ்ட் வரை அதனைத் திருகோணமலைக்கு லொறியில் கொண்டுசெல்ல எண்ணியுள்ளேன். படகின் அடியில் பாசியும் கடலுயிர்களும் ஒட்டாமல் தடுக்கும் செப்பு கலந்த தீந்தை இரண்டு இடத்துக்கும் பொருந்துமா?

பதில் – ஹட்டன் வாசகர்:
தம்பி, நன்னீரில் கடற்கொட்டலசு (படகடியில் கெட்டியாக ஒட்டி வளரும் ஓடுடைய சிற்றுயிர்) ஒட்டாது. வழுவழுப்பான பச்சைப் பாசிதான் படியும், அதை ஈரத்துணியால் தேய்த்தாலே போய்விடும். கடலுக்குப் போகாத படகென்றால் செப்பு வீண் செலவு என்பேன். தவிரவும் காசல்ரீ நீர் களனி ஆற்றில் சேர்ந்து கொழும்பின் குடிநீராவதால், அதில் நஞ்சைக் கரையவிடுவது எனக்கு உவப்பானதல்ல.

பதில் – திருகோணமலை வாசகர்:
மாதக்கணக்கில் கடலில் நிற்கப்போகும் படகை வெறும் அடியுடன் விடலாகாது, அண்ணா. கடினமாக உறையும் தீந்தைகள் பலவும் கரையில் காய்ந்து கிடந்தால் வீரியம் இழக்கும். சிறிது சிறிதாகத் தேய்ந்து கரையும் கோபொலிமர் வகையோ, வெளியே எடுத்து மீண்டும் இறக்கினாலும் வேலை செய்யும் என்பதால் தம்பிக்கு அதுவே ஏற்றது. ஆனால் அலுமினியப் பாகங்களில் செப்புத் தீந்தை படக்கூடாது, அரித்துவிடும். பழைய பூச்சை நீர் விட்டே தேய்க்கவும், அதன் தூள் நஞ்சு. வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய டின் எவரேனும் தந்தால் வாங்காதீர்கள். 2008 முதல் சர்வதேச ஒப்பந்தப்படி அது தடை.

பதில் – ஹட்டன் வாசகர்:
ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் காலை மூடுபனியில் படகின் அடி வியர்த்திருக்கும். வெயில் ஏறி முற்றாக உலர்ந்த பின்னரே தூரிகையை எடுங்கள்.