1915 அமெரிக்கத் தூதரகத் தந்தி: தலையில் உள்ள எண்ணுக்கு என்ன பொருள்?

பழந்தாள்:
அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட கடிதத் தொகுப்பில் 1915ஆம் ஆண்டுக்கான போர்க்காலத் துணைத் தொகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைய துருக்கித் தலைநகர் கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தோ, துருக்கியில் வாழ்ந்த கிறிஸ்தவச் சிறுபான்மையினரான ஆர்மேனியர்கள் பற்றி ஜூலை 16 அன்று அனுப்பிய தந்தி சில வரிகள்தான். மேலே 867.4016/76 என்று ஓர் எண். அது என்ன? ஓர் இனத்தையே அழிக்கிறார்கள் என்ற செய்தியை ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதினார்?

கோப்பறை:
இந்தக் கோப்புகளோடு பல வருடமாகப் பழகியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1910 முதல் வாஷிங்டனில் கடிதங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வைத்தார்கள். 8 என்றால் ஒரு நாட்டின் உள்விவகாரம், 67 துருக்கி, 4016 இனப் பிரச்சினை. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அந்தக் கோப்பில் அந்தத் தாளின் வரிசை எண். இதே முறையில் 763.72 முதல் உலகப் போர்: 63 ஆஸ்திரியா, 72 செர்பியா. போர் அங்கே தொடங்கியதால் கடைசி வரை அதே எண்.

தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. அதோடு ஒவ்வொரு சொல்லையும் சங்கேத மொழிக்கு மாற்ற வேண்டும். அதனால் தூதர் சாரத்தை மட்டும் அனுப்புவார், விவரமெல்லாம் இணைப்புகளோடு தபாலில் போகும். ஆனால் அந்தச் சில வரிகளை லேசாக நினைக்காதீர்கள். கலகத்துக்குப் பதிலடி என்ற சாக்கில் இன அழிப்பு நடக்கிறது என்று, நேரில் பார்த்தவர்களின் வாக்கை வைத்துச் சொல்கிறார். அந்த வாக்குகளில் பல வந்தது கான்சல்களிடமிருந்து, அதாவது மற்ற ஊர்களில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகளிடமிருந்து. ஹார்புட்டில் லெஸ்லி டேவிஸ், அலெப்போவில் ஜெஸ்ஸி ஜாக்சன். தூதரின் தந்தியோடு நிறுத்தினால் பாதிதான் படித்ததாகும். தயவுசெய்து டேவிஸின் கடிதங்களைத் தேடிப் படியுங்கள். ஹார்புட்டுக்கு அருகே உள்ள கோல்ஜுக் ஏரிக்கரைக்குக் குதிரையில் போய், அங்கே கிடந்த ஆயிரக்கணக்கான பிணங்களைத் தன் கண்ணால் பார்த்து எழுதியவர். தன் கான்சல் அலுவலகத்துக்குள்ளேயே ஆர்மேனியர்களை ஒளித்துவைத்தும் காப்பாற்றினார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

கடல்வழி:
அதே தொகுதியில் மே மாதத் தாள்களையும் விடாதீர்கள். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் மே 24 அன்று விடுத்த கூட்டு எச்சரிக்கையில் 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்' என்ற சொல் வருகிறது. மூன்றும் துருக்கியோடு போரில் இருந்ததால் நேரடியாகக் கொடுக்க வழியில்லை. நடுநிலையில் இருந்த அமெரிக்கா வழியாகத்தான் மார்கெந்தோ கைக்கு வந்து, அவர் மூலம் துருக்கி அரசிடம் போனது.

பழந்தாள்:
இருவருக்கும் நன்றி. ஏரி பற்றிய டேவிஸின் அறிக்கை 1915 தொகுதியில் கிடைக்கவில்லையே?

கோப்பறை:
அதில் இருக்காது. துருக்கி 1917 ஏப்ரலில் உறவை முறித்துக்கொண்ட பிறகு டேவிஸ் ஊர் திரும்பினார். அந்த நீண்ட அறிக்கையை 1918இல்தான் துறைக்கு எழுதிக் கொடுத்தார். 1989இல் அது தனி நூலாகவும் வந்திருக்கிறது. மூலத்தாள் வேண்டுமென்றால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியுறவுத் துறைக் கோப்புகளைக் கேளுங்கள். அங்கேயும் 867.4016 என்ற எண்ணைச் சொன்னால் போதும்.