கொழிஞ்சாம்பாறையில் ஆடித் தள்ளுபடி எடுபடுமா?

பாறைக்காரன்:
கேரள எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குத் துணிக்கடை. வாடிக்கைக்காரர்களில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆடி பிறந்தால் கோபாலபுரம் வழியாகப் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய்விடுகிறார்கள். நாமும் தள்ளுபடி போடலாம் என்கிறான் தம்பி. நோட்டீஸ் செய்து தருகிற கொச்சிக்காரரோ, ஆடி வேண்டாம், ஓணத்துக்குச் செலவு பண்ணுங்கள் என்று கசவு (ஜரிகைக் கரை போட்ட கேரள வெளிர்நிறப் புடவை) கட்டிய மணப்பெண் படத்தோடு மாதிரி அனுப்பியிருக்கிறார். எது சரிங்க?

சித்தூர் அக்கா:
தம்பி, நான் பாலக்காட்டுச் சித்தூரில் ஜவுளிக்கடையில் புடவைப் பக்கம் நிற்கிறவள். முதலில் அந்த மணப்பெண் படத்தை எடுங்கள். மலையாளி கல்யாணத்தில் கசவு அழகு. கிறிஸ்தவ மணப்பெண்ணுக்கு வெள்ளையேதான். நம் வீடுகளில் முகூர்த்தப் புடவை என்றால் அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள். வாங்குவது பெண் மட்டுமில்லை, கூட வருகிற அத்தையும் மாமியாரும்தான். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண் சந்தன நிறப் பட்டை ஆசையாக விரித்துப் பார்த்தாள். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார். அதே அத்தை, காலேஜ் ஓணத்துக்கு என்று அவள் தங்கை கேட்ட கசவு செட்டுக்குத் தாமே காசு கொடுத்தார். கசவு ஓண நோட்டீஸில் இருக்கட்டும், கல்யாணத்தோடு சேர்க்காதீர்கள்.

அப்புறம் ஆடி. நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம். ஏறக்குறைய அதே நாட்கள்தான், நல்ல காரியம் வைக்காததும் ஒன்றுதான். தமிழ்நாட்டுக் கடைக்காரர்கள் அந்த மந்தத்தைத் தள்ளுபடி போட்டு ஈடுகட்டுகிறார்கள், தீபாவளிச் சரக்கு இறங்குமுன் பழையதும் கழிகிறது. கேரளத்தில் அது மழை மாதம், அந்தக் காலத்தில் பஞ்ச மாதமும்கூட. ராமாயணம் வாசிப்பார்கள், மருந்துக் கஞ்சி குடிப்பார்கள். விளம்பரத்தில் ஆயுர்வேதக்காரர்கள்தான் முன்னால் நிற்பார்கள். துணிக்குக் காசு புரள்வது அடுத்து வரும் சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், ஓண போனஸ் கைக்கு வரும்போது. கொச்சிக்காரர் கணக்கு அவர் ஊருக்குச் சரி. உங்கள் கடைக்கு இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே நோட்டீஸை இரண்டு மொழியில் அடிக்காதீர்கள். மனுசருக்கு ஏற்ற மாதிரி தனித்தனியாக எழுதுங்கள்.

கோபாலபுரத்தார்:
அக்கா சொல்வது நிஜமுங்க. இன்னொன்று, மலையாள மீடியத்தில் படித்த பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள், பாட்டிகளுக்கு மலையாள எழுத்து பிடிபடாது. காதில் விழுந்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஆட்டோவில் மைக் கட்டி, காட்டு வேலை முடிந்து பெண்கள் திரும்பும் சாயங்காலத்தில் ஓட்டுங்கள். ஆனால் கோயமுத்தூரில் பதிந்த ரேடியோக் குரல் வேண்டாம். உங்கள் கடையிலேயே வாய்க்காரப் பிள்ளை யாராவது பேசட்டும். தெரிந்த குரல் என்றால் நின்று கேட்பார்கள்.

பாறைக்காரன்:
நன்றிங்க. படத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். அக்கா, ஆடி நோட்டீஸில் எதை மேலே போடலாம்?

சித்தூர் அக்கா:
புது மாப்பிள்ளை வேட்டி, சட்டை. ஆடிக்கு மகளையும் மருமகனையும் அழைக்கிற வீடு வெறுங்கையோடு அனுப்பாது. பக்கத்திலேயே ஜோடியாக ஒரு புடவையும் போடுங்கள், விலையோடு. பதினெட்டாம் பெருக்குக்கு ஒரு வாரம் முன்னாலேயே நோட்டீஸ் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.