புதுப்பிப்பு: நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனை மேடு ஏறாமல் சுற்றிப் பார்த்தோம்

அம்மாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும், வெலிங்டனை எப்படிச் சுற்றிக் காட்டுவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கேபிள் காரில் ஏறுங்க, இறக்கத்தில் நடங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கம்பி இழுக்க, மேட்டில் தண்டவாளத்தில் 1902 முதல் ஓடும் வண்டி. நகர மையத்து லாம்ப்டன் கீ தெருவில் ஏறினால் சில நிமிடத்தில் கெல்பர்ன் உச்சி, கீழே துறைமுகம். அங்கிருந்து தாவரவியல் பூங்கா வழியாக ரோஜாத் தோட்டம் வரை பெரும்பாலும் இறக்கம்தான். உச்சியிலிருந்தே சீலாண்டியா சரணாலயத்துக்கு இலவச வேன் உண்டு. அங்கே காக்கா என்கிற பழுப்புக் கிளி தீனிப்பெட்டியின் பலகையில் ஏறி நின்றதும் மூடி திறக்கிறது! அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

எதிர்பாராதது: டெ பாப்பா அருங்காட்சியகத்தில் 2024 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணம். அப்புறம், 196 மீட்டர் விக்டோரியா மலைக்கு டாக்சியில் போனாலும் காற்றுக்குக் குல்லா அவசியம், குடை நிற்காது.