புதுப்பிப்பு: பாப்பாவின் தட்டைத் தலை, ஹெல்மெட் போடவில்லை

மூன்று மாதம் முன்னால், பாப்பாவின் பின்மண்டை வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது, தலையின் வடிவத்தைச் சரிசெய்யக் குழந்தைகளுக்குப் போடும் ஹெல்மெட் வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். அப்போது அவளுக்கு நாலரை மாதம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பாளையங்கோட்டையில் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். மண்டையோட்டு இணைப்புகள் சீக்கிரமே மூடிவிட்டனவா என்றுதான் முதலில் பார்த்தார், மூடியிருந்தால் அறுவை சிகிச்சை வரை போயிருக்கும். நல்லவேளை, அப்படி இல்லை. ஆனால் கழுத்தில் ஒரு பக்கத் தசை இறுகியிருந்தது, அதனால்தான் எப்போதும் வலப்பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறாள், அதை வீட்டில் யாருமே கவனிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஹெல்மெட் என்றால் ஒரு நாளில் 23 மணி நேரம், அதுவும் நம்ம ஊர் வெயிலில். 2014-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 84 குழந்தைகளில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கழுத்து இறுகிய குழந்தைகளும் ரொம்பக் கடுமையான கோணலும் அதில் சேர்த்தி இல்லை. அதனால் முதலில் கழுத்துப் பயிற்சி, அப்புறம் ஹெல்மெட் பற்றி யோசிக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

குளிப்பாட்டும்போது தலையை அமுக்கி உருட்டிவிட்டால் சரியாகும் என்ற ஆச்சி, மருத்துவர் கூடாது என்றதும் விட்டுவிட்டார்கள். இப்போது இடப்பக்கம் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டுவது அவர்கள்தான். விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போடுகிறோம், தூக்கம் மட்டும் மல்லாக்கத்தான்.

இப்போது ஏழரை மாதம். கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. தட்டை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி அளந்து பார்ப்பார்கள்.