மறுமொழி: "பெயர்த் தீர்வு"க்கு மாற்றுச் சொல் – "பெயர் துலக்கல்"

> தீர்வு பிடிக்கவில்லை என்றால் "பெயர்த் தேடல்" என்று வைத்துவிட்டுப் போகலாமே?

ஐயா, வணக்கம்.

ஒரு கணினியின் பெயரை வைத்து அதன் முகவரி எண்ணைக் கண்டுபிடிப்பதை ஆங்கிலத்தில் "நேம் ரெசல்யூஷன்" என்கிறார்கள். அதற்கு நம் வரைவில் இருக்கும் "பெயர்த் தீர்வு" வேண்டாம் என்றேன்; அதற்குத்தான் நீங்கள் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். தேடல் நல்ல சொல்தான். ஆனால் அது இன்னொரு வேலைக்கு வேண்டும். ஏன் என்று ஒரு நேர்வை வைத்துச் சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகம். எல்லாம் லினக்ஸ் கணினிகள். கணக்குக் கோப்புகள் இருக்கும் கணினிக்குக் "கெடிலம்" என்று பெயர். ரௌட்டரை மாற்றிய பிறகு ஒரு மேசையிலிருந்து மட்டும் கெடிலத்தைத் தொட முடியவில்லை. 192.168.1.20 என்று அதன் முகவரி எண்ணைக் கொடுத்துப் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதில் வருகிறது. பெயரைக் கொடுத்தால் பிங் 192.168.1.14க்குப் போய் நிற்கிறது. அதே மேசையில், பெயருக்குரிய எண்ணைக் கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைக் கொடுத்தால் 20 என்று சரியாகச் சொல்கிறது!

காரணம், அந்த மேசைக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த எண் என்று அந்தக் கணினியிலேயே குறித்துவைக்கும் கோப்பு) யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய வரி. என்எஸ்லுக்அப் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தே பார்க்காது. வலையில் பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் வழங்கியை நேராகக் கேட்கும். பிங் அப்படியில்லை. இயங்குதளம் வைத்திருக்கும் வரிசைப்படி போகும்: வழக்கமாக முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பெயர் "லோக்கல்" என்று முடிந்தால் அக்கம்பக்கத்துக் கருவிகளிடம் ஒரு பொதுக்கேள்வி, அப்புறம்தான் டிஎன்எஸ். கெட்என்ட் கட்டளையும் இதே வரிசையில்தான் பார்க்கும். அதைக் கொடுத்தபோது 14 என்றே வந்தது. பழைய வரியை அழித்து, ரௌட்டரில் கெடிலத்துக்கு 20ஐ நிலையாக ஒதுக்கியதும் சரியாகிவிட்டது.

இதை நம் உதவிப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரே ஓர் இடத்தில் கேட்பது தேடல். பல இடங்களை முறைப்படி கேட்டுக் கடைசியில் ஒரு முகவரியோடு வருவது வேறு. இரண்டுக்கும் தேடல் என்றே வைத்தால் "தேடல் சரி, ஆனால் தேடல் தவறு" என்று எழுத நேரும். படிப்பவர் என்ன செய்வார், பாவம்.

"தீர்வு" இதைவிடச் சிக்கல். பெயரில் தீர்க்க என்ன வழக்கு இருக்கிறது? "பெயர்த் தீர்வுச் சிக்கலுக்குத் தீர்வு" என்ற தலைப்பு இப்போதே நம் வரைவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே "ரெசல்யூஷன்" என்ற சொல் மன்றத்துக்கும் திரைக்கும் போனபோது நாம் தீர்மானம், தெளிதிறன் என்று தனித்தனியாகத்தான் வைத்தோம். இங்கும் அப்படியே செய்யலாம்.

என் முன்மொழிவு துலக்கல். துப்புத் துலக்குவது எல்லோருக்கும் தெரியும்: கையில் இருக்கும் ஒன்றை வைத்து, நாலு இடத்தில் விசாரித்து, ஆளின் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது. இங்கே நடப்பதும் அதுதான். இன்னொரு வசதி, துலக்கு – துலங்கு என்று வினை இரண்டு பக்கமும் வருகிறது. கணினி பெயரைத் துலக்குகிறது, பெயர் துலங்குகிறது. பிழைச்செய்தி "கெடிலம் என்ற பெயர் துலங்கவில்லை" என்று மூன்று நான்கு சொல்லில் முடிந்துவிடும். இதைச் செய்யும் நிரல் "பெயர் துலக்கி".

பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வராதா என்று நேற்று புதுச்சேரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். வரட்டும். "பெயர்" என்ற அடை முன்னால் நிற்கும்போது பொருள் மயங்காது. "துலக்கி" என்று தனியாக மட்டும் எழுத வேண்டாம்.

"ஹோஸ்ட்நேம்" என்பதற்கு வழங்கும் "புரவலன் பெயர்" பற்றியும் ஒரு சொல். அச்சுப்பொறிக்கும் கேமராவுக்கும்கூட வலையில் பெயர் இருக்கிறது. அவை யாரையும் புரப்பதில்லை. நான் "கருவிப்பெயர்" என்று எழுதிவருகிறேன். "கணினிப்பெயர்" என்றால் அச்சுப்பொறி வெளியே போய்விடும்.

நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய உதவும் சுடோ கட்டளை, கணினியின் பெயருக்கு எண் கிடைக்காதபோது தரும் எச்சரிக்கையை முதலில் மாற்ற நினைக்கிறேன். கணினியின் பெயரை மாற்றிவிட்டு, ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினி தன்னையே குறிக்கும் 127.0.1.1 வரியை மாற்ற மறந்தவர்கள் அடிக்கடி பார்ப்பது அதுதான். "இக்கணினியின் பெயர் துலங்கவில்லை" என்று வைத்திருக்கிறேன். "துலங்கவில்லை"யா, "துலக்க முடியவில்லை"யா? எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். வரைவை ஞாயிற்றுக்கிழமை பதிவேற்றுகிறேன்.